முதல் அடுக்கிலிருந்து ஏறுபவர்கள்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் போகும் கூடத்தில் கூச்சல் கிடையாது. வரிசையாகப் போட்ட மேசைகளில் வியாபாரிகள் உட்கார்ந்திருப்பார்கள், ஆளுக்கொரு கணினி. மாதிரிக்கு வந்த காயை உள்ளங்கையில் உருட்டி, பிரித்துப் பார்த்து, முகர்ந்துவிட்டுப் பொத்தானை அழுத்துவார்கள். திரையில் விலை ஏறும். 2007-இல் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவரும் வரை இதே வியாபாரம் வாயால்தான் நடந்தது. 2019 ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் புற்றடியில், ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட நாளிலும் விலையை ஏற்றியது இப்படியொரு பொத்தான்தான்.

அந்தக் கூடத்தில் யாரும் நிமிர்ந்து பார்க்காத பொருள் ஒன்று உண்டு. அது பச்சை விளக்குகளை மினுக்கிக்கொண்டிருக்கும் சுவிட்ச் பெட்டி. மேசைகளிலிருந்து வரும் கேபிள்கள் அதில்தான் சேர்கின்றன. ஒரு கணினியின் இணைப்பு இரண்டு விநாடி தடுமாறினால் அந்த வியாபாரிக்கு ஒரு லாட் கை நழுவிப் போகலாம். பின்னாளில் புற்றடிக் கூடத்தையும் போடிக் கூடத்தையும் இணைத்து, இரண்டு ஊரில் இருப்பவர்களும் ஒரே சரக்குக்குப் போட்டியிடும் ஏற்பாடும் வந்தது. அதிலிருந்து மலையின் இரண்டு பக்கமும் லைன் அறாமல் இருந்தாக வேண்டும். விலை ஏறினால் தோட்டக்காரர் பெயர் அடிபடும். லைன் போனால்தான் நெட்வொர்க்காரர் பெயர் அடிபடும்.

இந்த வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கும் பட்டதாரிகளுக்குப் போடிப் பக்கத்தில் பஞ்சமில்லை. 2012-இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி ஊரிலேயே இருக்கிறது. ஏலத்தோட்டக்காரர் சங்கத்தின் பெயரையே தாங்கிய கலைக் கல்லூரியும் இருக்கிறது. படிப்பு முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சென்னையில் இருக்கும் அண்ணன், "கோடிங் படி, வேற எதுவும் வேண்டாம்" என்கிறார். மதுரையில் இருக்கும் பயிற்சி நிலையம், மூன்று மாதத்தில் வேலை உறுதி என்று துண்டுச் சீட்டு நீட்டுகிறது. தெருமுனைக் கேபிள்காரர், "நாளைக்கே வா, ஃபைபர் இழுக்க ஆள் இல்ல" என்கிறார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் குழப்பம்.

நெட்வொர்க் வேலை என்பது ஒரே வேலை அல்ல. வீட்டுக்கும் கடைக்கும் கம்பி இழுத்து இணைப்புத் தருபவர் ஒரு முனை. நூற்றுக்கணக்கான கிளைகள் கொண்ட வங்கியின் ரவுட்டர்களைத் திரையில் பார்த்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பவர் நடு. நாடுகளுக்கு இடையே போக்குவரத்து எந்த வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானிப்பவர் இன்னொரு முனை. கல்லூரிப் பாடம் இந்த மூன்றையும் ஒரே படத்தில் அடக்கும்: ஏழு அடுக்கு ஓஎஸ்ஐ மாதிரி. கீழே முதல் அடுக்கில் கம்பி, ஒளி, மின்சாரம். உச்சியில் ஏழாவதாக நாம் பார்க்கும் செயலி. தேர்வுக்கு ஏழையும் மனப்பாடம் செய்யும் மாணவர், முதல் அடுக்கைக் கையால் தொடாமலேயே பட்டம் வாங்கிவிட முடியும். வேலையில் வரும் கோளாறோ பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டாம். தேனியிலேயே இருக்கிறது.

அரவிந்த் கண் மருத்துவமனை மதுரையில் 1976-இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கியது. 1985-இல் தேனிக்கும் வந்தது. சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் கண்ணைக் காட்ட ஒரு நாள் கூலியை விட்டுப் பேருந்து ஏற வேண்டியிருந்ததால், சிற்றூர்களில் சிறிய கண் மையங்களைத் திறந்தார்கள். மையத்தில் மருத்துவர் இருக்க மாட்டார். பள்ளிப் படிப்பு முடித்துப் பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைச் சோதிப்பார்கள்; தேனியில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் காணொளியில் நோயாளியோடு பேசுவார். ஆனால் 2005 வாக்கில் இந்த ஊர்களில் காணொளி ஓடும் அளவுக்கு இணையம் ஏது?

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக் குழு ஒரு வழி சொன்னது. வீட்டுக்குள் பயன்படும் அதே மலிவான வைஃபை அட்டை. அதோடு உயரமான கம்பத்தில் ஒரு திசை ஆன்டெனா. தேனியிலிருந்து போடி உள்ளிட்ட ஊர்களின் மையங்களுக்கு வானில் பாலம் போட்டார்கள். தேனிக்கும் போடிக்கும் நடுவில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர்.

சிக்கல் அங்கேதான். வைஃபை ஒரு கூடத்துக்குள் பேசுவதற்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒரு செய்தித் துண்டை அனுப்பியதும், "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்காக மிகக் கொஞ்ச நேரம் காத்திருக்கும். பதில் வராவிட்டால் தொலைந்துபோனதாக எண்ணித் திரும்ப அனுப்பும். ரேடியோ அலை 15 கிலோமீட்டர் போக 50 மைக்ரோ விநாடி, திரும்பி வர இன்னொரு 50. அதற்குள் இந்த முனை பொறுமை இழந்து மறுபடி கத்தத் தொடங்கிவிடும், அந்த முனையும் கத்தும், இரண்டு பேச்சும் மோதிக்கொள்ளும். ஆய்வாளர்கள் மென்பொருளை மாற்றி எழுதினார்கள். இரண்டு முனைகளும் முறை வைத்துப் பேசின. ஒவ்வொரு துண்டுக்கும் அல்லாமல் மொத்தமாகச் சேர்த்துப் பதில் சொல்லின. 2007-இல் இந்த வேலை ஒரு பெயர் பெற்ற கணினி மாநாட்டில் ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

இதுவரை கேட்டால் மூளைக்காரர்களின் வெற்றிக் கதை. 2008-இல் அதே குழு எழுதிய இரண்டாவது கட்டுரைதான் வேலை தேடும் பட்டதாரி படிக்க வேண்டியது. அதற்குள் தேனி வலையமைப்பில் மாதம் மூவாயிரம் நோயாளிகள் காணொளியில் மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை நடத்திப் பார்த்த அனுபவத்தில் ஆய்வாளர்கள் பட்டியலிட்ட கோளாறுகளில் முதலில் நிற்பது மின்சாரம். மின்னழுத்தம் திடீரென்று எகிறும், அடங்கும், விட்டு விட்டு வரும். அதில் ரவுட்டர் பாதி உயிரோடு தொங்கிப்போய் நிற்கும், நினைவு அட்டை கெடும், அடாப்டர் கருகும். பெர்க்லியில் இருப்பவர் தொலைவிலிருந்து சரிசெய்யலாம் என்றால், சரிசெய்ய உள்ளே நுழையும் வழியும் அதே செத்த லைன்தான். ஊரிலேயே கோளாறு கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் இல்லாதது அடுத்த குறை. கடைசியில் வலையமைப்பை நிலைக்க வைத்தவை குறைந்த செலவில் மின்சாரத்தைச் சீராக்கும் கருவிகள், முதன்மை லைன் போனாலும் எட்டிப் பார்க்க ஒரு மாற்று வழி, தானாக எழுந்து நிற்கும் மென்பொருள், உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி.

போடி மலைச்சரிவில் இந்தப் பட்டியலில் இன்னும் சில வரிகளைச் சேர்க்கலாம். ஆனி, ஆடியில் போடிமெட்டுக்கு மேலே சாரல் விடாது பெய்யும்போது கீழே போடியில் வெயில் காயும். அலுவலகத்தில் இருப்பவருக்கு மேலே மரம் சாய்ந்தது தெரியாது. ஐப்பசி இடியில் கீழே மோடம் போகும். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்ப் பார்த்தால், எலி கடித்த ஒரு முழக் கம்பிதான் காரணமாக இருக்கும்.

ஏலத்தோட்டங்களின் தேவையும் கூடிக்கொண்டே போகிறது. போடிக்காரர்கள் பலருக்குத் தோட்டம் இருப்பது மலைக்கு மேலே, கேரளத்தின் உடும்பஞ்சோலைப் பக்கத்தில். காய் விலை ஏறினால் களவும் ஏறும் என்பதால் ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்துக்குக் கேமரா வேண்டும். போடியில் இருக்கும் முதலாளி அதைக் கைபேசியில் பார்க்க வேண்டும். ஒரு கேமராவை மாட்டுவது எளிது. நூறு மீட்டருக்கு மேல் சாதாரண ஈத்தர்நெட் கேபிள் செல்லாது என்பதை அறிந்து, ஸ்டோருக்கும் பங்களாவுக்கும் நடுவே ஃபைபரா ரேடியோவா என்று முடிவெடுத்து, மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று யுபிஎஸ்ஸுக்குக் கணக்குப் போடுவதில்தான் நெட்வொர்க் படிப்பு வேலைக்கு வருகிறது. இன்று இதைச் செய்பவர்களில் பலர் பட்டம் இல்லாமல் கை அனுபவத்தில் கற்றவர்கள். அவர்களை இளக்காரமாகப் பார்க்கும் பட்டதாரி ஒரு வாரம் கூடப் போய்வந்தால் அந்த இளக்காரம் தெளிந்துவிடும்.

தெருமுனைக் கேபிள்காரரின் அழைப்புக்கு வருவோம். பழைய கேபிள் டிவி ஆட்கள் இன்று வீட்டு இணைய ஆட்கள். பிஎஸ்என்எல்லே தன் ஃபைபர் இணைப்புகளை உள்ளூர்க் கூட்டாளிகளோடு வருவாயைப் பங்கிட்டுத்தான் பரப்பியது. ஓஎல்டி என்ற பெட்டியிலிருந்து ஒரே ஒளியிழை கிளம்பும். வழியில் ஸ்ப்ளிட்டர் அதை எட்டாகவோ பதினாறாகவோ பிரிக்கும். மறுபடியும் பிரிந்து, முப்பத்திரண்டோ அறுபத்து நான்கோ வீடுகள் அதைப் பகிர்ந்துகொள்ளும். எட்டாகப் பிரித்தால் ஏறக்குறைய 10 டெசிபெல் ஒளி குறையும். வீட்டு வாசலில் பவர் மீட்டர் மைனஸ் 20 காட்டினால் நிம்மதி, மைனஸ் 27-ஐத் தாண்டினால் இன்றோ நாளையோ புகார் வரும். எங்கே ஒளி கசிகிறது? சரியாக ஒட்டாத ஸ்ப்ளைசிலா, மடங்கிய இழையிலா, தூசி படிந்த கனெக்டரிலா? ஆறு மாதம் இதைத் தேடித் திரிந்தவருக்கு முதல் அடுக்கு மனப்பாடப் பாட்டு அல்ல.

ஆனால் அங்கேயே தங்கிவிடக் கூடாது. சம்பளம் சொற்பம், ஞாயிறு கிடையாது, கம்பத்தில் ஏறுபவருக்குக் காப்பீடு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஏணியில் அடுத்த படி என்பதே அந்த வேலையில் இல்லை; அதைத் தொழிலாளியே கட்டிக்கொள்ள வேண்டும். பகலில் ஃபைபர், இரவில் பாடம் என்று ஓர் ஆண்டை வகுத்துக்கொள்பவருக்கு அது முதலீடு. பாடம் இல்லாமல் கழிந்த ஐந்து ஆண்டுகளை வேலை தரும் நிறுவனங்கள் ஒரே ஆண்டாகத்தான் எண்ணும். பெண்களுக்கு இந்த வாசல் இன்னும் திறக்கவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கம்பி இழுக்கும் கூட்டத்தில் அவர்களைக் காண முடியாது. ஆனால் ஸ்ப்ளைசிங் எந்திரத்துக்கும் இழையில் பழுதின் இடத்தைக் காட்டும் ஓடிடிஆர் கருவிக்கும் தேவை நிதானமான கை; தேனிக் கண் மையங்களில் கண்ணைச் சோதித்தவர்களும் பெண்களே.

அரசு பக்கத்திலும் ஃபைபர் பரவியிருக்கிறது. ஊராட்சிகளை இணைக்கும் தேசியத் திட்டம் 2011-இல் தொடங்கிப் பின்னர் பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு அதைக் கொண்டுபோகும் பொறுப்பைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் ஏற்றது. பெரும்பகுதி மின்கம்பங்களின் மேலேயே செல்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் கேஃபோன் 2023 ஜூனில் தொடங்கிவைக்கப்பட்டது. அதுவும் மின்வாரியக் கம்பங்களில்தான் தொங்குகிறது. ஒரு காலத்தில் மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கித் தேயிலைப் பெட்டிகள் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. இந்தச் சரிவில் கம்பியைக் காப்பவருக்கு வேலை அன்றும் ஓய்ந்ததில்லை. இழுப்பதற்கு ஒப்பந்தம் விடுவது அரசுக்கு எளிது. பத்தாண்டுக்குப் பராமரிக்க ஆள் வைப்பதில்தான் இத்தகைய திட்டங்கள் தடுமாறுகின்றன. அந்த இடத்தில் உள்ளூர்ப் பட்டதாரிக்கு நிலையான வேலை இருக்க வேண்டும். இன்றைக்கு இருப்பதெல்லாம் துணை ஒப்பந்தக்காரரின் தினக்கூலிதான்.

இனி சான்றிதழ். சிஸ்கோவின் சிசிஎன்ஏ 1998-இல் வந்தது. இன்றும் நுழைவுச் சீட்டு என்றால் அதுதான் முதலில் நினைவுக்கு வரும். 2020 பிப்ரவரியில் அது ஒரே தேர்வாகத் திருத்தப்பட்டது. ஐபி முகவரி, விஎல்ஏஎன், ஓஎஸ்பிஎஃப் இவற்றோடு பாதுகாப்பும் தானியக்கமும் சேர்ந்தன. கட்டணம் 300 டாலர், செல்லுபடி மூன்று ஆண்டு. போடியில் ஒரு குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல. அதனால்தான் "டம்ப்" எனப்படும் திருட்டுக் கேள்வித்தாளை மனப்பாடம் செய்து எப்படியாவது தேறிவிடும் ஆசை வருகிறது. தேறலாம். நேர்முகத்தில் ஒரு தாளைக் கொடுத்து, /26 என்ற வலையில் எத்தனை கணினிகளுக்கு முகவரி தரலாம் என்று கேட்கும்போது அது வெளுத்துவிடும். 62 என்று விரலை மடக்காமல் சொல்ல ஒரு வாரப் பயிற்சி போதும், அதற்கு டம்ப் எதற்கு?

படிப்புக்கு ஆகும் செலவோ வெகு குறைவு. சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இலவசம். பழைய மடிக்கணினியில் பத்து ரவுட்டர்களைக் கற்பனையாக ஓட்டலாம். ஓடும் செய்தித் துண்டுகளைப் பிடித்துப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் இலவசம். ஐஐடி கரக்பூரின் கணினி வலையமைப்புப் பாடம் என்பிடெல்லில் முழுதாகக் கிடக்கிறது. காசு போட வேண்டிய இடம் ஒன்றே: இரண்டாம் கையாக ஒரு சுவிட்ச், ஒரு கிரிம்பிங் கருவி, ஒரு பெட்டி கேபிள். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் என்று எட்டு இழைகளையும் வரிசைப்படுத்தி நூறு முனை அடித்தவர் பழுதான முனையை எளிதில் அடையாளம் கண்டுவிடுவார். மூன்று மாதத்தில் வேலை உறுதி என்னும் நிலையத்தில் சேருமுன், அங்கே உண்மையான ரவுட்டர் எத்தனை, அதைத் தொட ஒரு மாணவருக்கு வாரம் எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்டால் போதும்.

ஊரை விட்டுப் போனால் முதல் வேலை பெரும்பாலும் நாக் எனப்படும் வலையமைப்புக் கண்காணிப்பு மையத்தில். சென்னையோ பெங்களூரோ, சுழல் முறைப் பணி, எல்1 என்ற கீழ்ப்படி. திரையில் சிவப்பு தெரிந்தால் டிக்கெட் போட வேண்டும், கையேட்டில் உள்ள பத்துச் சோதனைகளைச் செய்ய வேண்டும், தீராவிட்டால் எல்2-க்குத் தள்ள வேண்டும். தள்ளிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்கள் இரண்டு ஆண்டு கழித்தும் அங்கேயே இருப்பார்கள். தள்ளிய டிக்கெட்டை மறுநாள் திறந்து எல்2 எப்படித் தீர்த்தார் என்று படிப்பவர் ஏறிவிடுவார். சென்னைக்குப் போக வழியும் முன்னைவிட எளிது. அகலப் பாதை மாற்றத்துக்காக 2011 தொடக்கத்தில் நின்றுபோன ரயில் 2023 ஜூனில் போடிக்குத் திரும்பியது. வாரம் மூன்று நாள் நேராகச் சென்ட்ரல் போகிறது.

தானியக்கம் வந்து எல்1 வேலையைத் தின்றுவிடாதா என்ற பயம் நியாயமானது. கையேட்டில் இருக்கும் பத்துச் சோதனைகளை ஒரு பைத்தான் நிரல் பத்து விநாடியில் செய்துவிடும். இப்போது செயற்கை நுண்ணறிவும் டிக்கெட்டை எழுதுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தென்காசி மத்தளம்பாறையில் 2011-இல் அலுவலகம் திறந்து, மென்பொருள் வேலைக்கு மாநகரம் கட்டாயமில்லை என்று காட்டிய ஸோஹோ நிறுவனம், 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது விற்றதே வலையமைப்பு மேலாண்மை மென்பொருளைத்தான். அதாவது நாக் திரையில் சிவப்பும் பச்சையும் காட்டும் கருவியை எழுதுவதும் நெட்வொர்க் தெரிந்தவரின் வேலையே. கோடிங் படி என்று சொன்ன அண்ணனும் கேபிள்காரரும் இந்த இடத்தில் சந்தித்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் பைத்தான் இல்லாமல் இனி எல்2 கிடைப்பது கடினம்.

ஆனால் திரையிலிருந்தே எல்லாம் முடிந்துவிடும் என்பதற்கும் பதில் இருக்கிறது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகமெங்கும் படுத்துவிட்டன. பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு வலையமைப்பையே அறுத்தது. வெளியுலகுக்கு வழி சொல்லும் பிஜிபி அறிவிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. சரிசெய்ய வேண்டிய பொறியாளர்களின் கருவிகளும் அதே வலையமைப்பில் இருந்ததால் உள்ளே நுழைய வழியில்லை. தரவு மையத்துக்கு ஆள் நேரில் போய் எந்திரத்தின் முன்னால் நிற்க வேண்டியிருந்தது. தேனிக் கண் மையத்துக் குறைதான், அளவு மட்டும் பெரிது.

எல்1 வேலைக்கான நேர்முகத்தில் வழக்கமாக வரும் கேள்வி, எந்த ஊரைப் போட்டாலும், ஏறக்குறைய இப்படி இருக்கும்: "போடிமெட்டில் ஒரு வாடிக்கையாளர். நெட் இல்லை என்கிறார். என்ன செய்வீர்கள்?" புத்தகத்திலிருந்து வந்தவர் ஓஎஸ்பிஎஃப் அண்டை நிலையைப் பார்ப்பேன் என்று தொடங்குவார். ஓர் ஆண்டு மலையேறி வந்தவர் பதிலுக்குக் கேள்வி கேட்பார்: அங்கே இப்போது கரண்ட் இருக்கிறதா, மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறதா, பக்கத்து ஸ்டோரிலும் இல்லையா, எப்போதிலிருந்து? கேட்பவர் வாடிக்கையாளராகவே மாறி, "கரண்ட் இருக்கு சார், ராத்திரி மழைக்கு அப்புறம்தான் போச்சு, பக்கத்து ஸ்டோர்லயும் இல்ல" என்பார். வந்தவர் ஒரு தாள் கேட்டு வாங்கி, ரோட்டோரக் கம்பத்தையும் அதில் தொங்கும் ஸ்ப்ளிட்டர் பெட்டியையும் அதிலிருந்து பிரியும் இரண்டு கோடுகளையும் வரையத் தொடங்குவார்.